தேதி யார் கையில்? மேலூர் ஒன்றரை ஏக்கரும் காலநிலைத் திட்டமும்

கேள்வி இதுதான்: "மேலூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை, பெரியாறு பாசனம். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க சிறு விவசாயிகளுக்குத் திட்டம் வகுக்கிறோம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்தத் திட்டத்தை உண்மையில் யார் யார் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்? எங்கள் அப்பா மாதிரி ஆள் சொல்வது அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா?"

கண்மாய்ப் பாசன வேலைகளில் பல வருடம் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். முடிவு செய்கிற அறை என்று ஒன்று கிடையாது. ஐந்தாறு அறைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே கதவு இல்லை. உங்கள் அப்பா சொல்வது அவற்றில் ஒன்றிரண்டுக்குப் போகும். ஆனால் போகிற அறை பெரும்பாலும் முடிவெடுக்கிற அறையாக இருக்காது.

முதலில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் தேசியச் செயல்திட்டம் 2008-இல் வந்தது. அதன் எட்டு இயக்கங்களில் ஒன்று நீடித்த வேளாண்மைக்கானது. அதை ஒட்டி மாநிலங்கள் தங்கள் செயல்திட்டங்களை எழுதின. தமிழ்நாட்டில் அதை எழுதும் பொறுப்பு சுற்றுச்சூழல் துறையிடம் போனது, வேளாண் துறையிடம் அல்ல. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பின்னால் நடப்பதற்கெல்லாம் இதுதான் தொடக்கம். பிறகு தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம், அதை நடத்தப் பசுமைக் காலநிலை நிறுவனம், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் இயக்கம் என்று வந்தன. மாவட்டத்தில் காலநிலை அலுவலர் யார் தெரியுமா? மாவட்ட வன அலுவலர். மதுரை மாவட்டத்தில் காலநிலை என்ற சொல்லுக்கு அதிகாரபூர்வ முகவரி வனத்துறை. உங்கள் அப்பாவுக்கு வன அலுவலரிடம் என்ன ஜோலி? மயில் வந்து நெல்லைத் தின்றால் போவார், அவ்வளவுதான்.

2022 அக்டோபரில் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு ஒன்று அமைந்தது. அதில் பொருளாதார அறிஞர் மாண்டேக் சிங் அலுவாலியா, இன்ஃபோசிஸ் நந்தன் நிலகேணி, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் முன்னாள் தலைவர் எரிக் சோல்ஹைம், பூவுலகின் நண்பர்கள் சுந்தர்ராஜன் போன்றோர் இடம்பெற்றார்கள். எல்லாரும் கற்றவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டியலைப் படித்தால் ஒன்று உறைக்கும். சூழலுக்குக் குரல் இருக்கிறது, தொழில்நுட்பத்துக்கு இருக்கிறது, நிதிக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி சுமார் 79 லட்சம் நில உடைமைகள், சராசரி முக்கால் ஹெக்டேர், அதில் 93 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. அந்த முக்கால் ஹெக்டேர்க்காரரின் குரல் எந்த நாற்காலியிலிருந்து வரும் என்பதை அந்தப் பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

யாருக்கு யார் தொடர்பு என்று ஆராய்ச்சியாளர்கள் வட்டமும் கோடுமாகப் படம் வரைவார்கள். நம்மூர்க்காரனுக்கு அந்தப் படம் புதிதில்லை, வீட்டுப் பரணில் இருக்கும் மொய் நோட்டுதான் அது. யார் யாருக்கு எவ்வளவு எழுதினார், யார் திருப்பி எழுதினார், யார் பெயரே இல்லை என்பதைப் பார்த்தால் ஊரின் உறவு முழுவதும் விளங்கிவிடும். காலநிலைக் கொள்கைக்கும் அப்படி ஒரு மொய் நோட்டு போட்டால் சென்னைத் துறைகள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, உலக வங்கி, வெளிநாட்டு உதவி நிறுவனங்கள், பெரிய தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் மாறி மாறி எழுதியிருப்பது தெரியும். பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் அப்பாவின் பெயர் இன்னொரு நோட்டில் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் உதவி வேளாண்மை அலுவலர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், வி.ஏ.ஓ., உரக்கடைக்காரர், மடை திறக்கும் நீர்பாய்ச்சி. இரண்டு நோட்டிலும் பெயர் உள்ள ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சிக்கல் அங்கேதான்.

சரி, மேலூர் விவசாயிக்குக் காலநிலைத் தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப மாறிக்கொள்வது, என்றால் நடைமுறையில் என்ன? என் கணக்கில் அது தேதி. 2050-இல் வெப்பம் எத்தனை டிகிரி கூடும் என்பது முக்கியம்தான். ஆனால் இந்த வருடம் தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பார்கள் என்பதில்தான் அவருடைய தகவமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெரியாறு பாசனத்தில் இருபோகம் 45,041 ஏக்கர். ஒருபோகம், மேலூர்க் கால்வாயில் 85,563, திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439, ஆக 1,05,002 ஏக்கர். இருபோகத்துக்கு ஜூனில் தண்ணீர், ஒருபோகத்துக்கு செப்டம்பர் நடுவில் என்பது நல்ல வருடத்துக் கணக்கு. 120 நாள் தண்ணீர், அதில் முதல் 45 நாள் முழுமையாக, மீதி 75 நாள் முறை வைத்து என்று அரசாணை வரும். மழை பொய்த்தால் ஒருபோகத்துக்கு அக்டோபர், நவம்பர் என்று தள்ளிக்கொண்டே போகும். மேலூரில் சாலை மறியல் நடக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் மனு குவியும், அப்புறம் ஒருநாள் மலர் தூவித் தண்ணீர் திறப்பார்கள்.

அந்த ஒரு தேதி நகர்ந்தால் என்னென்ன நகர வேண்டும் என்று யோசியுங்கள். செப்டம்பரில் தண்ணீர் வந்தால் 135 நாள் ரகம் போடலாம். நவம்பரில் வந்தால் கோ 51 மாதிரி 105, 110 நாளில் அறுக்கும் ரகம்தான் போட முடியும். இல்லாவிட்டால் கதிர் வரும் நேரத்தில் கால்வாய் வற்றிவிடும். ஆனால் வேளாண் விரிவாக்க மையத்துக் கிட்டங்கியில் விதை இருப்பு வைப்பது தண்ணீர் தேதி தெரிவதற்கு வெகு முன்னால். நீண்டகால ரகம் மூட்டை மூட்டையாக இருக்கும். குறுகியகால ரகம் கேட்டால் "முடிஞ்சு போச்சு, கடையில வாங்கிக்கங்க" என்பார்கள். கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வருடத்துத் தகவமைப்புக் கொள்கை. அதை முடிவு செய்தது விதை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. எந்தக் கலந்தாய்வுக் கூட்டத்துக்கும் யாரும் அவரை அழைப்பதில்லை. ஆனால் நான் பார்த்தவரை, ஒரு ஊரில் எந்த ரகம் பரவும் என்பதை அவரும் உரக்கடைக்காரரும் சேர்ந்து முடிவு செய்கிற அளவுக்கு வேறு யாரும் முடிவு செய்வதில்லை.

அடுத்தது காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. பெரும்பாலான மாவட்டங்களில் சம்பாவுக்குக் கடைசி நாள் நவம்பர் 15. தண்ணீரே நவம்பரில் வந்தால் நாற்று விட்ட நிலையில் அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் சான்று) வாங்க ஓட வேண்டும். அடங்கல் கொடுப்பது வருவாய்த் துறை. தண்ணீர் திறப்பது நீர்வளத் துறை. காப்பீட்டைப் பார்ப்பது வேளாண் துறை. கடன் கூட்டுறவுத் துறை. நான்கு துறைக்கும் நான்கு நாட்காட்டி. வருடா வருடம் கடைசி நேரத்தில் "கால நீட்டிப்பு வேண்டும்" என்று கோரிக்கை எழுவது இதனால்தான். நீட்டிப்பு கிடைக்கிற வருடமும் உண்டு. ஆனால் வறட்சி வருடத்தில் இப்படி ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு, ஒவ்வொரு முறையும் மனுப்போட்டு விலக்கு வாங்குவதை எப்படிக் கொள்கை என்று சொல்வது?

காப்பீட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. வறட்சிக்கான இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்துத் தருவதில்லை. வருவாய்க் கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்தச் சராசரி விளைச்சல் ஓர் உத்தரவாத விளைச்சலைவிடக் குறைந்தால்தான் பணம். அந்த உத்தரவாத விளைச்சல் கடந்த ஏழு வருடங்களில் சிறந்த ஐந்து வருடங்களின் சராசரியிலிருந்து வருகிறது. இரண்டு கெட்ட வருடங்களை அது தாங்கும். ஏழில் மூன்று, நான்கு வருடம் வறட்சி என்றால் சராசரியே சரிந்துவிடும். அதாவது காலநிலை எவ்வளவு மோசமாகிறதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பும் கரைகிறது. இந்தச் சூத்திரத்தை மாற்றக் கேட்க வேண்டிய இடம் டெல்லி. 2020-இல் நீர்ப்பாசனப் பகுதிக்கு 25 சதவீதம், மானாவாரிக்கு 30 சதவீதம் என்று பிரீமிய விகிதத்துக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள்தான் மத்திய அரசு தன் பங்கைத் தரும் என்று மாற்றினார்கள். அதற்கு மேல் போனால் சுமை மாநிலத்தின் தலையில். அந்தப் பேச்சில் சிறு விவசாயிக்கு இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்த் தேதிக்கே வருவோம். அது வைகை அணையின் மட்டத்தைப் பொறுத்தது, வைகை மட்டம் முல்லைப் பெரியாறு அணையைப் பொறுத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பின் 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம். அங்குள்ள மக்களுக்கு அணை நிரம்புவது பயம், இங்குள்ள ஐந்து மாவட்டங்களுக்கு நிரம்பாமல் போவது பயம். இரண்டுக்கும் நடுவில் வந்தது, எந்தத் தேதியில் எந்த அடி வரை தேக்கலாம் என்று பத்து நாளுக்கு ஒரு முறை மாறும் நீர்மட்ட விதி வளைவு. 2021 அக்டோபர் கடைசியில் 139.5 அடி என்ற பேச்சும், ஷட்டர் திறப்பும், தேனி, மதுரைப் பக்கம் எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். இந்த விதி வளைவு ஒரு காலநிலைத் தகவமைப்பு ஆவணம்தான். பெயர் மட்டும் அப்படி இல்லை. ஒருபோக விவசாயியின் வருடத்தை இதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிற காகிதம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதைப் பேசி முடித்தவர்கள் மத்திய நீர்வள ஆணையப் பொறியாளர்கள், இரு மாநில அதிகாரிகள், வழக்கறிஞர்கள். கேரள விவசாயியும் அந்த அறைக்குள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பக்கம் பங்கேற்பு என்பதே இல்லையா என்றால், சட்டத்தில் தாராளமாக இருக்கிறது. விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குத் தேர்தல், தலைவர் எல்லாம் உண்டு. உலக வங்கிக் கடனில் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இந்தச் சங்கங்களை நம்பித்தான் எழுதப்பட்டது. 2017-இல் 31.8 கோடி டாலர் கடனுடன் அடுத்த கட்டம் வந்தபோது அதன் நோக்கத்திலேயே காலநிலைத் தாங்குதிறன் என்ற சொல் இருந்தது. அதே 2017-இல்தான் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி, பத்து சதவீதம் விவசாயிகள் பங்களிப்பு என்று கண்மாய் தூர்வாரும் திட்டமும் வந்தது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்து, மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்திருந்தார்கள். வறட்சி வந்தால் பங்கேற்பு ஞாபகம் வரும், மழை வந்தால் ஒப்பந்ததாரர் வருவார் என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு. பத்து சதவீதம் யார் கட்டினார் என்று விசாரித்தால் சில ஊர்களில் ஆயக்கட்டுக்காரர்கள் உண்மையாகவே வசூலித்திருப்பார்கள். சில ஊர்களில் வேலையை எடுத்தவரே கட்டியிருப்பார்.

இரண்டு மொய் நோட்டிலும் பெயர் உள்ளவர்கள் என்று சொன்னேனே, அதற்கு மதுரையிலேயே உதாரணம் தானம் அறக்கட்டளை. கண்மாய் விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சேர்க்கும் வேலை 1992-இல் தொடங்கியது, அறக்கட்டளையாக 1997-இல் ஆனது. ஊர்க் கண்மாய்ச் சங்கம், அதற்கு மேல் வடிநிலக் கூட்டமைப்பு என்று அடுக்கியதால் ஒரு மடையின் பிரச்சினை நபார்டு மேசை வரை போக வழி கிடைத்தது. இதற்கு ஒரு குறையும் உண்டு. இப்படி இணைக்கிறவர் ஒருவரே ஆகிவிட்டால், எது மேலே போக வேண்டும், எது வேண்டாம் என்பதை அவரே வடிகட்டத் தொடங்குவார். திட்ட நிதி எதற்குக் கிடைக்கிறதோ அதுவே ஊரின் தேவை என்று எழுதப்படும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

மதுரையில் ஒரு ஹோட்டலில் நடந்த பங்குதாரர் கலந்தாய்வு, அதாவது திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம், எனக்கு மறக்காது. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். கழுத்தில் அட்டை, மேடையில் ஆங்கிலப் படங்கள், பின் வரிசையில் பன்னிரண்டு விவசாயிகள். அவர்களைக் கூட்டிப்போனது நான். மதியத்துக்கு மேல் அவர்கள் கருத்தைக் கேட்டார்கள். கொட்டாம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் எழுந்து, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் புதுப்பிக்கச் சொல்லும் மாதத்தில் கையில் காசே இருக்காது, அறுவடை தள்ளிப்போகிறதே, அந்தத் தேதியை மாற்றக் கூடாதா என்று கேட்டார். அருமையான கேள்வி. அறிக்கை வந்தபோது பார்த்தேன், "விவசாயிகளுக்குக் கடன் குறித்த விழிப்புணர்வு தேவை" என்று பதிவாகியிருந்தது. கேட்டவர் விழிப்போடு இருந்ததால்தான் கேட்டார். அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்வது அதுதான். காலநிலைக் கூட்டத்தில் அந்தக் குழுவிலிருந்து ஒருவரும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றையும் உங்கள் தாலுகாவிலேயே பார்த்தீர்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல், அதற்குள் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-இல் அறிவித்த அரிட்டாபட்டியும் அடக்கம். பாசன விவசாயிகள் சங்கம், ஊர்த் தலைவர்களான அம்பலக்காரர்கள், மேலூர் வணிகர்கள், சுற்றுச்சூழல் ஆட்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடை, ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. மூன்று மாதத்துக்குள். எந்தப் பங்குதாரர் பட்டியலிலும் இல்லாத ஒரு வலை, டெல்லி வரை இழுத்தது. தண்ணீர்த் தேதிக்காக வருடா வருடம் மறியல் செய்து பழகிய அதே ஆட்கள்தான் இதிலும் முன்னால் நின்றார்கள். தொடர்பு ஏற்கெனவே இருந்தது.

ஆனால் அந்த வலை வேண்டாம் என்று சொல்வதில் பலசாலி. விதை இருப்பு, காப்பீட்டுச் சூத்திரம், கடன் தவணை மாதிரி சலிப்பூட்டும் விஷயங்களில் அது கூடுவதில்லை. இன்னொன்றையும் மூடி மறைக்க வேண்டாம். பல ஊர்கள் சேர்ந்து கூடும் நாட்டுக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர்கள், பட்டா ஆண் பெயரில். குத்தகைக்கு உழுபவருக்கு அடங்கல் வாங்குவதே பெரும்பாடு. அப்புறம், தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக வந்ததற்காகவே 1997-இல் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு இதே மேலூர் தாலுகா. ஊர் ஒன்றாகப் பேசியது என்று எழுதும்போது அந்த ஊருக்குள் யாரெல்லாம் அடக்கம் என்று நான் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது இதனால்தான்.

உங்கள் அப்பாவுக்கு வழி உண்டா என்றால், இருக்கிற வழிகளில் மூன்றை எனக்குத் தெரியும். மாதாந்திரக் குறைதீர் கூட்டம் எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் அங்கே தனி மனு தனியாகவே முடங்கும். ஒரே மடையில் பாயும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். அதில் கோரிக்கையைத் தேதியாக எழுதுங்கள். ஒருபோகத் தண்ணீர் அக்டோபர் தாண்டினால் இத்தனை டன் குறுகியகால விதை மேலூர் மையத்தில் இருக்க வேண்டும், காப்பீட்டுக் கடைசி நாள் தானாக நீள வேண்டும் என்பது போல. இதைச் செப்டம்பரில் கொடுப்பது வீண், ஜூனில் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அட்மா (வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் வட்டார அளவில் விவசாயிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. உறுப்பினர் யார் என்று வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால் அவர்களே கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள். மூன்றாவது, நபார்டு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருடந்தோறும் வளம் சார்ந்த கடன் திட்டம் தயாரிக்கிறது. வங்கிகள் அடுத்த வருடம் எதற்குக் கடன் தரும் என்பதன் முதல் வரைவு அதுதான். நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரை விவசாயிகள் சந்திப்பது அபூர்வம், போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

மனுவுக்கு இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள், மொய் நோட்டுக்குப் பக்கத்திலேயே.